காணொளியை எங்கே வைப்பது: யூடியூபிலா, சொந்தத் தளத்திலா?

தனிப்பட்ட வலைத்தளம் நடத்துபவர் தாம் எடுத்த காணொளியை அதில் காட்ட விரும்பினால், அதை யூடியூபில் ஏற்றிப் பக்கத்தில் பதிக்கலாம். கோப்பைத் தம் சர்வரிலேயே வைத்து, வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்5 தந்த வீடியோ குறியைக் கொண்டு நேரடியாக ஓடவிடலாம். அல்லது பீர்டியூப் என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவித் தமக்கென ஒரு காணொளித் தளத்தையே நடத்தலாம்.

யூடியூபின் பெரிய பலம், ஏற்றிய கோப்பைப் பல தரங்களில் மாற்றி வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்பத் தரத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவதாகும். ஏற்றுபவர் இதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வருமானப் பங்கு பெறாதவர்களின் காணொளிகளிலும் விளம்பரம் காட்டும் உரிமையை அது எடுத்துக்கொண்டுள்ளது. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு: ஏற்றிய பின் ஒரு பிழை கண்ணில் பட்டால், திருத்திய கோப்பை அதே முகவரியில் மாற்றி வைக்க வழியில்லை. புதிதாக ஏற்றினால் முகவரி மாறிவிடும். பிறர் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் பழைய பிழையையே காட்டிக்கொண்டிருக்கும். பெரிய நிறுவனத்தின் சேவை என்பதற்காக அது நிலைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. கூகுள் வீடியோ 2012இல் மூடப்பட்டது.

சொந்த சர்வரில் கோப்பு நம் கையில் இருக்கிறது. முகவரி மாறாமல் திருத்தலாம். அங்கே கவலை தரவுப் பரிமாற்றம்தான். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஓடும் 10 நிமிடக் காணொளி ஏறத்தாழ 375 எம்பி ஆகும். அதை 1,000 பேர் முழுமையாகப் பார்த்தால் 375 ஜிபி வெளியேறும். அதே வேளையில், 720பி தரத்தில் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் அமைந்த 5 நிமிடக் காணொளி 75 எம்பிதான். அதை 100 பேர் பார்த்தால் 7.5 ஜிபி. தனிப்பட்ட தளங்களில் பெரும்பாலானவற்றின் நிலை இந்த இரண்டாவது கணக்குக்கே நெருக்கமானது என்பதால், சர்வர் தாங்காது என்ற அச்சம் பலருக்குத் தேவையற்றது என்றே கருதுகிறேன்.

எனினும் கோப்பைச் சரியாகத் தயாரிக்க வேண்டும். படத்தை ஹெச்.264 முறையிலும் ஒலியை ஏஏசி முறையிலும் சுருக்கிய எம்பி4 கோப்பு ஏறக்குறைய எல்லா உலாவிகளிலும் ஓடும். எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அந்தக் கோப்பின் அட்டவணைப் பகுதி பெரும்பாலும் கடைசியில் எழுதப்படுவதால் படம் தொடங்கத் தாமதமாகலாம். காணொளிக் கோப்புகளை மாற்றியமைக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் ஃபாஸ்ட்ஸ்டார்ட் தெரிவு அதை முன்னால் கொண்டுவந்துவிடும், அதற்காகப் படத்தை மறுபடி சுருக்க வேண்டியதில்லை. உலாவி கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டாலும் சர்வர் அதைத் தருகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். தராவிட்டால் பார்ப்பவர் விரும்பிய இடத்துக்குத் தாவ முடியாமல் போகும், ஐபோனில் படம் ஓடாமலேயே நின்றுவிடலாம்.

ஒரே தரத்தில் வைப்பதால் மெதுவான இணைப்பில் படம் நின்று நின்று ஓடும் என்பது உண்மையான குறை. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் முறையில், காணொளியைச் சில நொடித் துண்டுகளாகப் பல தரங்களில் வைத்து இதைத் தீர்க்கலாம். நீண்ட உரைகளுக்கு அந்த உழைப்பு தகும்; சில நிமிடக் காணொளிகளுக்குத் தேவையில்லை. பார்வையாளர் பெருகினால், காணொளிகளை மட்டும், வெளியேறும் தரவுக்குக் கட்டணம் வாங்காத கிளவுட்ஃபிளேர் ஆர்2 போன்ற சேமிப்பகத்துக்கு மாற்றி, முகவரியைத் தம் டொமைனின்கீழேயே வைத்துக்கொள்ளலாம்.

ஃபிரமாசாஃப்ட் என்னும் பிரெஞ்சு அமைப்பு உருவாக்கிய பீர்டியூப், பார்ப்பவர்களே துண்டுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளச் செய்து சர்வரின் சுமையைக் குறைக்கிறது. ஒரு குழுவுக்கு அது நல்ல தேர்வு; பத்துக் காணொளிகள் வைத்திருக்கும் தனியொருவருக்கு அதைப் பராமரிப்பதே வேலையாகிவிடும்.

யூடியூபின் வழியாக வரும் புதிய பார்வையாளர்களை இழக்க விரும்பாதவர், தளத்தில் தம் கோப்பையே ஓடவிட்டு, யூடியூபில் ஒரு நகலை ஏற்றி, அதன் விளக்கக் குறிப்பில் தளத்தின் முகவரியைத் தரலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தனியே ஒரு வட்டில் காத்து வைக்க வேண்டும். சுருக்கிய கோப்பிலிருந்து இழந்த தரத்தை மீட்க இயலாது.