கென்ஸோவுடன் ஏழு ஆண்டுகள்

கோத்தகிரியில் இருந்தபடி இயற்கணித இடவியல் (வடிவங்களின் துளை, இணைப்பு போன்ற இயல்புகளை இயற்கணிதத்தால் ஆராயும் கணிதப் பிரிவு) கணக்கீடுகளுக்காகக் கென்ஸோ நிரலை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பிரான்சிஸ் செர்ஜெரர் 1990களின் இறுதியில் காமன் லிஸ்ப் மொழியில், அதன் பொருள்நோக்கு அமைப்பின்மீது எழுதிய நிரல் இது.

இதை நான் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், முடிவிலியான வெளியையும் இது ஒரு பொருளாகவே கையில் தருவதுதான். முப்பரிமாணக் கோளத்தின் (நாற்பரிமாண வெளியில் ஒரு புள்ளியிலிருந்து சம தொலைவில் உள்ள புள்ளிகளின் தொகுதி) லூப் வெளியை, அதாவது அதில் ஒரு புள்ளியில் தொடங்கி அங்கேயே முடியும் பாதைகள் அனைத்தின் வெளியை, எடுத்துக்கொள்வோம். கணிதவியலர் கானின் கட்டுமானப்படி அதன் 2-ஆம் பரிமாணத்திலேயே சிம்ப்ளெக்ஸ்கள் (முக்கோணம், நான்முகி போன்ற அடிப்படைத் துண்டுகள்) முடிவிலி என்பதால், அவற்றைப் பட்டியலிட்டு அணி அமைக்க வழியே இல்லை. கென்ஸோவிலோ அந்தப் பொருள் தன் உறுப்புகளைப் பட்டியலாகச் சுமப்பதில்லை. ஓர் உறுப்பைக் கொடுத்தால் அதன் எல்லையைக் கணக்கிடும் சார்பை மட்டும் வைத்திருக்கிறது. அத்துடன், தனக்குச் சமானமான சிறிய செயின் காம்ப்ளெக்ஸ் (ஒவ்வொரு பரிமாணத்தின் துண்டுகளையும் எல்லைகளால் இணைக்கும் இயற்கணித வரிசை) எது என்ற தகவலையும் சேர்த்தே சுமக்கிறது. 6-ஆம் ஹோமாலஜியை (அந்தப் பரிமாணத்தின் துளைகளைக் குறிக்கும் குலம், அதாவது group) கேட்டால் ஒரே வரியில் முழு எண்களின் குலம் என்று விடை வருகிறது. 5-ஆவதைக் கேட்டால் சுழியம். முதன்முறை அதைத் திரையில் பார்த்த இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

நிரலின் வகுப்புகள் ஒன்றிடமிருந்து ஒன்று பண்புகளைப் பெறும் மரபுரிமையும் கணிதத்தை ஒட்டியே செல்கிறது. சிம்ப்ளிசியல் கணம் (சிம்ப்ளெக்ஸ்களால் ஆன வெளி) கோஆல்ஜீப்ராவின் (உறுப்புகளைப் பிரிக்கும் செயல் கொண்ட அமைப்பு) வழித்தோன்றல்; கோஆல்ஜீப்ரா செயின் காம்ப்ளெக்ஸின் வழித்தோன்றல். சிம்ப்ளிசியல் குலமோ ஹோப்ஃப் ஆல்ஜீப்ராவிடமிருந்தும் (பெருக்கலும் பிரித்தலும் சேர்ந்த அமைப்பு) பெறுகிறது. இந்தப் பன்மை மரபுரிமை இல்லாத மொழியில் இதையே எழுத முயன்று, ஒரே பெருக்கல் செயல்முறையை மூன்று இடங்களில் படியெடுக்க நேர்ந்ததால் கைவிட்டேன்.

புதிய கணினியில் நிறுவியதும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு: முப்பரிமாணக் கோளத்தின் 3-ஆம் ஹோமோடோபி குலத்தை (அந்தப் பரிமாணக் கோளத்தை வெளிக்குள் எத்தனை வகையாகப் பதிக்கலாம் என்பதைக் குறிக்கும் குலம்) ஃபைபரேஷன் (ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளிமீதும் இன்னொரு வெளியை அடுக்கும் கட்டுமானம்) மூலம் நீக்கி, கிடைக்கும் வெளியின் 4-ஆம் ஹோமாலஜியைக் கேட்பேன். இரண்டு உறுப்புகள் கொண்ட குலம் வரவேண்டும். இதே வழியில் மேலே சென்றால் 6-ஆம் ஹோமோடோபி குலத்துக்கு 12 உறுப்புகள் வரவேண்டும்.

குறைகளும் உண்டு. கணக்கிட்ட விடைகள் நினைவகத்திலேயே தங்குவதால், ஓர் ஐப்பசி மழையில் மின்கம்பிமீது மரம் சாய்ந்தபோது இரண்டு நாள் கணக்கீடு அழிந்துபோனது. அதன்பின் லிஸ்பின் நினைவக நிலையை மாலைதோறும் கோப்பாகச் சேமிக்கிறேன். 7 முனைகள், 21 விளிம்புகள், 14 முக்கோணங்கள் கொண்ட டோரஸ் (உளுந்து வடை வடிவப் பரப்பு) போன்ற சிறிய வெளிகளுக்கு இத்தனை வகுப்புகள் வீண்சுமை. மாணவர்களுக்கு அதை நேரடியாக ஸ்மித் வடிவ அணியாகவே (மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் இருக்கும்படி சுருக்கிய அணி) சொல்லித் தருகிறேன்.