ராயல் பைதானுக்கும் கார்ன் ஸ்நேக்குக்கும் எந்தக் கூண்டு? நான்கு வகையிலும் வளர்த்துப் பார்த்த அனுபவம்

பாம்பு வளர்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் பாம்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறம், வடிவம், விலை எல்லாம் பார்த்து முடித்தபிறகு, கையில் மிஞ்சும் பணத்துக்கு ஒரு பெட்டி வாங்குகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பால் பைதான் என்றும் சொல்லப்படும் ராயல் பைதான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20, 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் இருந்த ஒன்று அறுபது வயது கடந்தபின் 2020-ல் முட்டையிட்டது. அத்தனை வருடமும் அது இருக்கப்போவது நாம் வாங்கித் தரும் அந்தப் பெட்டிக்குள்தான்.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். ஒரு பெண் ராயல் பைதான், ஒரு ஆண் கார்ன் ஸ்நேக், இரண்டும் பல வருடங்களாக என்னிடம் இருக்கின்றன. இங்கே இவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பொருத்தமான சூழலை அமைத்துத் தருவது வளர்ப்பவரின் கடமை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. கீழே சொல்வதை அதற்கான வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணாடி, பிளாஸ்டிக், மரம், பிவிசி என நான்கு வகைக் கூண்டிலும் வளர்த்துப் பார்த்திருக்கிறேன். முதலில் கண்ணாடித் தொட்டி. முன்பக்கம் கதவு, மேலே கம்பிவலை. பார்க்க அழகு, கழுவ சுலபம். பிரச்சினை அந்த வலையில்தான். சூடும் ஈரமும் மேலே ஏறி அதன் வழியே போய்விடும். ராயலுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 டிகிரிக்குப் பக்கத்தில், ஈரப்பதம் குறைந்தது 55 சதவீதம் வேண்டும். ஜனவரியில் ஹீட்டிங் அணைந்த அறையில், கண்ணாடித் தொட்டிக்குள் இதைக் காப்பது பெரும்பாடு. ஈரப்பதம் நாற்பதுக்குக் கீழே இறங்கும். சட்டை ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாக உரியும். கண்ணின் மேலுள்ள செதில் ஒட்டிக்கொண்டால் இன்னும் தொல்லை. வலையின் முக்கால் பாகத்தை அலுமினியத் தாள் டேப்பால் மூடினால் ஓரளவு சரியாகும். அதே தொட்டியில் கார்ன் நிம்மதியாக இருந்தது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த அந்தப் பாம்புக்கு 40 முதல் 60 சதவீத ஈரம் போதும், சூடான பக்கம் 30 டிகிரி இருந்தால் சரி. ஆகவே "கண்ணாடி நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்தப் பாம்பு, எந்த அறை என்று சொன்னால் சொல்லலாம்.

பிளாஸ்டிக் பெட்டி மலிவு, ஈரத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். குட்டிகளுக்கும், புதிதாக வந்த பாம்பைத் தனியாக வைத்துக் கவனிப்பதற்கும் இதைவிட வசதியானது இல்லை. அடியில் காகிதத் துண்டு விரித்தால், பாம்பின் தோலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் சிறு பூச்சி இருக்கிறதா, மலம் எப்படி இருக்கிறது என்று உடனே தெரியும். ஆனால் வளர்ந்த பாம்பை வாழ்நாள் முழுக்க இதில் வைப்பதை நான் ஏற்கவில்லை. விளக்கு மாட்ட முடியாது, ஏற இடமில்லை, உடம்பை நீட்டவும் முடியாது. பாம்பு முழு நீளத்துக்கு நீண்டு படுக்க இடம் வேண்டும் என்று இங்குள்ள விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. வலியுறுத்துகிறது. இரவு விளக்கணைத்தபின் என் ராயல் கூண்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நேர்க்கோடாக நீண்டு கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். "சுருண்டே கிடக்கும் பாம்புக்கு எதற்கு இடம்?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் நள்ளிரவில் எழுந்து பார்க்கட்டும்.

பிரிட்டனில் மிக அதிகம் விற்பது மர வைவேரியம். மெலமைன் பூசிய பலகை, முன்னால் நகரும் இரண்டு கண்ணாடி, பின்னால் காற்றுத் துளைகள். சூட்டைப் பிடித்து வைப்பதில் கண்ணாடி இதன் பக்கத்தில் வர முடியாது. 2022 அக்டோபரில் மின்சாரம் யூனிட்டுக்கு 34 பென்ஸ் ஆனபோது இந்த வித்தியாசம் பில்லில் தெரிந்தது. வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் 100 வாட் செராமிக் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் 1.2 யூனிட், சுமார் 41 பென்ஸ். நாள் முழுக்க எரிந்தால் அதன் இரு மடங்கு. குளிர்காலம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் மலிவான தொட்டி மலிவாக இருக்காது.

மரத்தின் எதிரி தண்ணீர். ராயலுக்காக நான் வாங்கிய மரப் பெட்டி ஒன்றில், தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்த மூலையில் அடிப்பலகை வருடம் திரும்பும் முன்பே ஊதி, பூச்சு உரிந்துவிட்டது. மூட்டுகளுக்கு சீலன்ட் எதுவும் இல்லாமல்தான் அனுப்பியிருந்தார்கள். இப்போது மரப் பெட்டி வந்தால், உள்மூட்டுகள் எல்லாவற்றுக்கும் மீன்தொட்டிக்கு உகந்த சிலிகான் பூசி, வாசனை முழுக்கப் போகும்வரை காயவிட்டுத்தான் பாம்பை விடுவேன். கண்ணாடி ஓடும் தடத்தில் மண் சேரும், அதையும் அவ்வப்போது துடைக்க வேண்டும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கையும் வயர் போகும் துளையையும் கவனியுங்கள். தலை நுழைந்தால் பாம்பு நுழையும். கார்ன் குட்டியின் தலை பென்சில் தடிமன்கூட இல்லை. பூட்டு வாங்காமல் கார்ன் வாங்காதீர்கள்.

இப்போது ராயல் இருப்பது பிவிசி கூண்டில். 120 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் அறுபது. விலை அதிகம், செய்து தர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் ஊறாது, ஊதாது, ஒருவரே தூக்கலாம், ஈரப்பதம் அறுபதுக்குப் பக்கத்தில் தானாகவே நிற்கிறது. காற்றோட்டம் குறைவாக இருந்தால் மட்டும் உள்ளே புழுங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்து நீடித்தால் பாம்புக்கு மூச்சுக்குழாய்த் தொற்று வரும். ஆகவே துளைகள் எங்கே, எத்தனை என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, பெட்டியைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "பெரிய கூண்டில் விட்டால் ராயல் சாப்பிடாது" என்று பழைய ஆட்கள் பலர் சொல்வார்கள். அவர்கள் கண்டது பொய்யல்ல, காரணம் வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு பகலை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. நாலு பக்கமும் உடம்பு எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தைரியம். வெறும் பெட்டியில் ஒரு கிண்ணமும் ஒரு கல்லும் வைத்தால், நடுச்சந்தியில் நிறுத்திய குழந்தை மாதிரி அது மிரளும். என் பிவிசி கூண்டில் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என ஒரே மாதிரியான இரண்டு மறைவிடங்கள் வைத்தேன். சுருண்டால் முதுகு கூரையில் முட்டும் அளவு. நடுவில் கார்க் மரப்பட்டை, பிளாஸ்டிக் கொடிகள், காய்ந்த இலைகள். எங்கிருந்து எங்கு போனாலும் மறைவிலேயே போகலாம். புது இடத்துக்கு வந்து சீக்கிரமே எலியை எடுத்துக்கொண்டது. தரையில்தான் இருக்கும் என்று நினைத்த பாம்பு, இரவில் கிளையில் ஏறி உட்காருகிறது. பெரிய கூண்டு வாங்கப் பணம் இருந்தால், அதை நிரப்பவும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

அடியில் ராயலுக்குத் தென்னை நாரும் மட்டைத் துண்டும் கலந்து போடுகிறேன். அமுக்கிய கட்டியாக இலங்கையிலிருந்து வருகிறது, கடையில் அந்த அட்டையைப் பார்த்தாலே எனக்கு மனம் நிறையும். கார்னுக்கு ஆஸ்பென் மரச்சீவல், குடைந்து விளையாட வாகாக இருக்கும். சிடார் சீவல் வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் பாம்புக்கு நஞ்சு.

சூட்டைப் பற்றிப் பேசாமல் கூண்டைப் பற்றிப் பேச முடியாது. எந்த ஹீட்டராக இருந்தாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் டெர்மோஸ்டாட் கட்டாயம். செராமிக் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பல்ஸ் வகை, வெளிச்சம் தரும் பல்புக்கு அதைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை. உள்ளே தொங்கும் பல்புக்குக் கம்பிக்கூடு போடாவிட்டால் பாம்பு அதையே சுற்றிக்கொள்ளும். தோல் வெந்தபிறகும் விலகத் தெரியாது. சூடேறும் கல் என்று விற்பதை இதே காரணத்தால் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. ஒட்டும் டயல் தெர்மோமீட்டர்களையும் நம்புவதில்லை. இரு பக்கமும் ஒவ்வொரு டிஜிட்டல் சென்சார் வையுங்கள், அவ்வளவுதான்.

பழைய கூண்டு வாங்குவதில் தவறில்லை. மூலைகளில் கறுப்புப் புள்ளியாகப் பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், எஃப்10 கிருமிநாசினியால் கழுவிக் காயவையுங்கள். மரமாக இருந்து மூட்டு ஊதியிருந்தால் விட்டுவிடுங்கள், இடுக்குக்குள் இருக்கும் பூச்சி போகாது.

கார்ன் இன்னும் மரப் பெட்டியில்தான் இருக்கிறது. நீளம் போதும், உயரம் 45 செ.மீ.தான். இரவெல்லாம் கூரையை உரசிக்கொண்டு மேலே வழி தேடுகிறது. அடுத்த குளிருக்குள் அதற்கும் 60 செ.மீ. உயரத்தில் பிவிசி சொல்லி வைக்கப்போகிறேன்.