எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகம்

பேத்தியின் செல்வமகள் கணக்கில் பணம் கட்டப் போயிருந்தேன். ஓட்டு வீட்டின் முன்னறைதான் அலுவலகம். உதவிக் கிளை அஞ்சல் அலுவலராக இருக்கும் பெண், சிக்னலுக்காகக் கைக்கருவியை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே மறு கையால் முத்திரை குத்தினார். எனக்கு முன்னால் நின்ற பாட்டியின் தேய்ந்த கைரேகை ஐந்தாவது முறைதான் பதிந்தது. முகம் சுளிக்கவில்லை. சேவைக்கு முழு மதிப்பெண்.

ஏட்டின்படி அவருக்கு 4 மணி நேர வேலை; 2018 ஊதியத் திருத்தத்தில் அதற்குத் தொடக்கச் சம்பளம், அகவிலைப்படி நீங்கலாக, 10,000 ரூபாய். மாலை ஐந்தரைக்கும் சைக்கிளில் பதிவுத் தபாலோடு போய்க்கொண்டிருந்தாரே, அது எந்தக் கணக்கு?

போகிறவர்கள் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு தபால் பையோடு கிளம்பிவிடுவார்.