சைப்ரஸில் வீடு வாங்க முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

6,000 யூரோ. சைப்ரஸ் தீவில் பாஃபோஸ் நகரத்துக்கு அருகே ஓர் அடுக்குமாடி வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் எங்களுக்காக நிறுத்தி வைப்பதற்காக நாங்கள் கட்டிய முன்பணம் அது. அந்த வீடும் கிடைக்காது, பணமும் திரும்பாது என்பதை நேற்று மாலை ஒரு மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டார்கள். இணையத்தில் வீடுகளைக் காட்டி, விமான நிலையத்துக்கே கார் அனுப்பி அழைத்துப் போகும் ஒரு தரகு நிறுவனம் என்பதற்கு மேல் இங்கே சொல்ல முடியாது. அதன் பெயரை எழுத வேண்டாம் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

லண்டனில் வாழும் நம்மவர்களுக்கு அந்தத் தீவு பிடித்துப்போவதில் வியப்பே இல்லை. 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு என்பதால் சாலையில் இடப்பக்கமாகவே ஓட்டுகிறார்கள், சுவரில் நமக்குப் பழகிய மூன்று முனை பிளக் இருக்கிறது, கடைக்காரர் முதல் மருத்துவர் வரை ஆங்கிலம் பேசுகிறார்கள். ட்ரூடோஸ் மலையுச்சியில் பனி கிடக்கும் மாதத்திலும் கீழே கடற்கரையில் மெல்லிய சட்டையோடு நடக்கலாம். பாஃபோஸில் ரோமானியர் காலத்து மொசைக் தரைகளைப் பார்த்துவிட்டு, கிரேக்கர்களின் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி பிறந்ததாகச் சொல்லப்படும் பெட்ரா டூ ரொமியூ பாறையருகே என் மனைவி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஓய்வுக்காலத்தில் ஆண்டுக்குச் சில மாதங்களாவது இங்கே இருக்கலாம் என்று அங்கேதான் பேசிக்கொண்டோம். அந்த ஆசையை அந்தத் தரகர் எங்கள் முகத்திலேயே படித்துவிட்டார்.

வீட்டைக் காட்டியபோது அவர் காட்டிய பரிவை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. படியேற என் மனைவியின் பையை வாங்கிக்கொண்டார், பால்கனியிலிருந்து கடலைக் காட்டினார், பக்கத்து வீட்டு முதியவரிடம் எலுமிச்சம்பழம் வாங்கித் தந்தார். பத்திரம் எப்படி என்று நான் கேட்டதும், பிளாஸ்டிக் உறையிலிருந்து கிரேக்க எழுத்தில் இருந்த ஒரு தாளை எடுத்து, பதிவு எண்ணின் மேல் விரலை வைத்து, "பத்திரம் தயாராக இருக்கிறது, வில்லங்கம் எதுவும் இல்லை, நிலப்பதிவு அலுவலகத்தில் நாங்களே பார்த்துவிட்டோம்" என்றார். இன்னொரு குடும்பம் நாளை வருகிறது, இன்றே நிறுத்தி வைத்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். அன்று மாலையே 6,000 யூரோவை அனுப்பினோம்.

ஒப்பந்தம் எழுதுவதற்காக நாங்களே அமர்த்திய வழக்கறிஞர் அந்தத் தாளைப் பார்த்ததும், இது வீட்டின் பத்திரமே இல்லை, கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தின் தாய்ப்பத்திரம் என்றார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்பத்திரம் பிரிக்கப்படவில்லை. அதற்கு முன்பே தேவைப்படும் கட்டட நிறைவுச் சான்றும் வரவில்லை. அதைவிட மோசம், அந்த நிலத்தின் மேல் கட்டுநர் வாங்கிய வங்கிக் கடன் அடமானமாக நிற்கிறது. சைப்ரஸில் இது பழைய புண். கட்டுநர் நிலத்தை அடகு வைத்துக் கட்டுவார், வாங்குபவர் முழுப் பணத்தையும் கொடுத்துக் குடியேறுவார், கட்டுநர் கடனைக் கட்டாவிட்டால் வங்கி அந்த நிலத்தின் மேல் உரிமை கோரும். 2013இல் அங்கே வங்கிகள் நொடித்தபோது இப்படிச் சிக்கியவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே 2015இல் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. வில்லங்கம் இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன மனிதருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

பிறகு நடந்தது அலைக்கழிப்பு. முதலில், எல்லாக் கட்டடத்திலும் அடமானம் இருக்கும், விற்கும்போது வங்கி விடுவிப்புக் கடிதம் கொடுத்துவிடும் என்றார்கள். அந்தக் கடிதத்தைக் கேட்டால் மேலாளர் விடுமுறையில் இருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், அது கட்டுநரிடம் போய்விட்டது, அவரிடம் கேளுங்கள். கட்டுநரின் அலுவலகமோ, எங்களுக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை, தரகரிடம் கேளுங்கள் என்கிறது. எலுமிச்சம்பழம் வாங்கித் தந்த அதே மனிதரின் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. கடைசியாக நேற்று வந்த மின்னஞ்சலில், வாங்குபவர் விலகினால் முன்பணம் திருப்பித் தரப்படாது என்ற வரியைத் தடித்த எழுத்தில் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் விலகவில்லை. அவர்கள் சொன்ன வீடு, அவர்கள் சொன்னபடி இல்லை. 6,000 யூரோ என்பது எங்கள் இருவரின் பல மாதச் சேமிப்பு.

வாங்க நினைப்பவர்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்றிருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாக இவை மட்டும்: தரகர் கைகாட்டும் வழக்கறிஞரை வைக்காதீர்கள். உரிமையாளரின் ஒப்புதலை வாங்கி, நிலப்பதிவு அலுவலகத்தில் உங்கள் வழக்கறிஞரே தேடிப் பார்க்கும் வரை ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குள் அந்த அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் அங்கே வெளியாட்கள்தான்: வீடு வாங்க அரசு அனுமதி வேண்டும், விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாட்களே தங்கலாம். தரகரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். தீவின் வடக்குப் பகுதியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நெருங்கவே வேண்டாம். 1974இல் துருக்கிப் படை வந்தபோது விரட்டப்பட்ட கிரேக்கக் குடும்பங்களின் நிலம் அங்கே நிறைய இருக்கிறது, அப்படி நிலத்தை இழந்தவர் தொடுத்த ஒரு வழக்கில் சைப்ரஸ் நீதிமன்றத்தின் தீர்ப்பு பிரிட்டனிலும் செல்லும் என்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த 2009இல், ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

தரகர்களைப் பதிவு செய்யும் அங்குள்ள மன்றத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே போல பாஃபோஸ் பக்கம் முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.