நீர்க்காகம் என்றொரு எழுத்துரு

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு கணினியும் ஒரு லேசர் பிறின்ரரும் வைத்து வடிவமைப்பு வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வரும். அதிகமாக வருவது கல்வெட்டு, அதாவது ஒருவர் இறந்த 31ஆம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகம். இப்போது பல கல்வெட்டுகளில் ஒரு பக்கமாவது ஆங்கிலம் கேட்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள், தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பக்கத்துக்கு இரண்டு வருடமாக நான் பாவிப்பது கோர்மொரன்ற் கரமொன்ட் எழுத்துரு.

கோர்மொரன்ற் என்றால் நீர்க்காகம். இரணைமடுக் குளத்தில் பட்ட மரக்கொப்பில் செட்டையை விரித்து வெயில் காயுமே, அதேதான். கிறிஸ்டியன் தால்மன் என்பவர் வடிவமைத்தது, உரிமத்தில் 2015 என்று இருக்கிறது. அதற்குத் தூண்டுதல், 16ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஈய எழுத்துகளுக்கு அச்சு வெட்டிய குளோட் கரமொன்ட்டின் எழுத்து. திறந்த உரிமம் என்பதால் காசு கட்டாமல் இறக்கி, கூலிக்குச் செய்யும் அச்சு வேலைக்கும் பாவிக்கலாம். என்னைப் போலச் சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இதன் வடிவைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். 48 போயின்ற்றில் ஒரு பெயரை அடித்துப் பாருங்கள். சின்ன எழுத்துகளின் உடல் குள்ளமாகவும், எல், எச் போன்றவற்றின் தண்டு அதற்கு மேல் நன்றாக உயர்ந்தும் நிற்கும். கோட்டு முனைகளில் வரும் குறுக்குக் கீற்றுகள் கத்தி நுனி போலக் கூரானவை. பெரிய ஆரின் (R) கால் வலப்பக்கம் நீண்டு இறங்கும். நான் அதிகம் பாவிப்பது சாய்வெழுத்தில் வரும் 'அன்ட்' (&) குறியை. பொம்பிளை, மாப்பிள்ளை பெயர்களுக்கு நடுவில் அதை மட்டும் வைத்தால் போதும், பூக்கொடி ஒன்றும் தேவைப்படாது. அழைப்பிதழில் பூ வைக்காமல் விடுவதற்கு இந்த எழுத்துத்தான் எனக்குத் துணிவு தந்தது.

ஆனால் சின்னதாக்கினால் கைவிட்டுவிடும். போன வருடம் ஒரு ஐயாவின் கல்வெட்டுக்கு மகள் பாரிஸிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு நினைவுக் கட்டுரை எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்று லைட் தடிப்பில் 10 போயின்ற்றில் அடித்தேன். திரையில் வடிவாகத்தான் இருந்தது. தாளில் ஆங்கில ஈ (e) எழுத்தின் கண் மையால் அடைபட்டு, மெல்லிய கோடுகள் இடையிடையே அறுந்து கிடந்தன. அந்த அளவில் எழுத்துக்குள் இருக்கும் வெளிகள் மிகச் சின்னவை, என் பிறின்ரருக்கு அது தாங்காது. ஐயாவின் தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, வடிவாய்த்தான் இருக்கு, ஆனா வாசிக்கேலாமக் கிடக்கு" என்றார். அன்று இரவே மீடியம் தடிப்பு, 13 போயின்ற் என்று மாற்றி, மூன்று பக்கமாக என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். மகள் எழுதியதை அவர் கடை வாசலில் நின்றே முழுக்க வாசித்தார். பாரிஸில் பிறந்த ஒரு எழுத்துச் சாயல் இங்கே அச்சாகி, பிறகு பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனதை இப்போதும் நினைப்பேன்.

இலக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் இலக்கங்கள் இயல்பாகவே பழைய பாணியில், சில மேலேறியும் சில கோட்டுக்குக் கீழே இறங்கியும் வரும். கட்டுரைக்குள் வரும்போது நல்ல அழகு. கல்யாணத் திகதியில் வந்தால் வாடிக்கையாளர்கள் பிழை என்று நினைக்கிறார்கள். "ஏன் தங்கச்சி ஒன்பது கீழ தொங்குது?" என்று ஒரு அம்மா கேட்டார். வேர்டில் எழுத்துரு அமைப்பின் மேம்பட்ட பகுதிக்குப் போய் இலக்க வடிவத்தை மாற்றினால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். திகதி, தொலைபேசி எண் இரண்டுக்கும் மாற்றிவிடுங்கள்.

தமிழ் எழுத்து இதில் கிடையாது. பக்கத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை வைத்தால் பொருந்தவில்லை. அதோடு குடும்பத்தார் வட்ஸ்அப்பில் அனுப்புவது யுனிகோட், அதைப் பாமினிக்கு மாற்றும்போது பிழை புகுந்துவிடும். நான் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற யுனிகோட் எழுத்துருவைச் சேர்த்துக்கொள்கிறேன். அதில் மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 தடிப்பு இருப்பதால் நீர்க்காகத்தின் மெலிவுக்கு ஏற்றதைத் தேடி எடுக்கலாம். அளவு மட்டும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஆங்கிலம் 16 என்றால் தமிழுக்கு 12 போதும், இல்லாவிட்டால் தமிழ் ஆங்கிலத்தை அமுக்கிவிடும்.

பனருக்கு வேண்டாம். வீதியில் போகிறவருக்கு மெல்லிய கோடுகள் தெரியாது, வெயிலில் மை வெளிறினால் மிச்சமும் போய்விடும். பொன் மை பூசும் அழைப்பிதழ் என்றால் செமிபோல்ட் தடிப்புக்குக் கீழே இறங்காதீர்கள்.

இந்தக் கிழமை ஒரு கல்யாண அழைப்பிதழ் கையில் இருக்கிறது. மாப்பிள்ளையின் பெயர் ஆரில் தொடங்குகிறது. 42 போயின்ற்றில் வைத்து, அந்தக் கால் நீட்டுவதற்கு வலப்பக்கம் இடம் விட்டிருக்கிறேன்.