ஸ்காட்லாந்தின் ஹெச்எஸ்டி ரயில்கள்: ஒளிப்படக்காரருக்கு ஒரு மதிப்புரை

பிரிட்டனில் 1976இல் பயணிகள் சேவைக்கு வந்த ஹெச்எஸ்டி (ஹை ஸ்பீட் டிரெயின்) எனும் அதிவேக டீசல் ரயில்கள், ஸ்காட்லாந்தின் ரயில் நிறுவனமான ஸ்காட்ரெயிலின் எடின்பரோ–அபர்தீன் தடத்தில் தங்கள் பணிக்காலத்தின் இறுதி ஆண்டுகளில் இருக்கின்றன. அவற்றைப் படமெடுக்க விரும்புவோருக்கு இத்தடத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

முதன்மையான காரணம் ஃபோர்த் கழிமுகத்தின் குறுக்கே 1890இல் திறக்கப்பட்ட ரயில் பாலமான ஃபோர்த் பாலம். அது ஏறத்தாழத் தெற்கு வடக்காக அமைந்திருப்பதால், மாலையில் சவுத் குயின்ஸ்ஃபெரி ஊரின் கரையில் நின்றால் சூரியன் நம் முதுகுப்புறம் இருக்க, சிவந்த எஃகுச் சட்டங்களுக்கிடையே ரயில் ஊர்ந்து செல்வதைத் தெளிவாகப் பதிவு செய்யலாம். ஆனால், கென்னத் கிரேஞ்ச் வடிவமைத்த அந்த அழகிய ஆப்பு வடிவ முகப்பு, இவ்வளவு தொலைவிலிருந்து சிறிதாகவே தெரியும். அதற்கு நிலைய நடைமேடையே ஏற்றது. மணிக்கு 160 கிலோமீட்டரில் விரையும் ரயில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும் என்பதால், பக்கவாட்டில் எடுப்பவர்கள் இன்னும் குறுகிய ஷட்டர் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இந்த ரயில்களில் முதலில் இருந்த வாலென்டா எஞ்சின்களின் கரும்புகையையும் ஓலத்தையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இப்போதிருப்பவை எம்டியு என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எஞ்சின்கள். எனக்கு அது உண்மையான இழப்பாகவே படுகிறது. 2020இல் ஸ்காட்லாந்தின் கார்மாண்டில் ஒரு ஹெச்எஸ்டி ரயில் தடம்புரண்டு மூவர் உயிரிழந்தபின், இவற்றை விரைவில் மாற்றக் கோரும் தொழிற்சங்கங்களின் குரல் நியாயமானது. அதனால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இதே தடத்தில் ‘கிளாஸ் 170’ எனப்படும் வேறு டீசல் ரயில்களும் ஓடுவதால், அன்றைய கால அட்டவணையை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.