முனியம்மாளின் கடைசிப் புள்ளி: ஒரு நிறுவனத் திறமூலத் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்பிய அனுபவம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மே மாதம் பிறந்துவிட்டால் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்களும் மினி லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டி எடை மேடையில் ஏறி இறங்கியதும் விவசாயியின் கையில் ஒரு சிறிய சீட்டு கிடைக்கும். பெயர், வண்டி எண், மொத்த எடை, கழிவு, நிகர எடை. பணம் கைக்கு வரும் வரை அந்தச் சீட்டுதான் பணம். அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சீட்டை அச்சடிக்கும் மென்பொருளை நிறுவிப் பராமரிப்பது என் தொழில். பழையபேட்டையில் ஒரு மாடி அறை, நானும் ஒரு கூட்டாளியும், மூன்று ஆலைகள், சில புளி மண்டிகள். நாங்கள் பயன்படுத்துவது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்தும் திறமூலச் சரக்குக் கணக்கு மென்பொருள்; திறமூலம் என்றால் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். இலவசப் பதிப்பு ஒன்று, கட்டணப் பதிப்பு ஒன்று என்று இரண்டு உண்டு. மென்பொருளுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தாராளமாகத் தருவேன். இங்கே நான் மதிப்பிட வந்தது வேறொன்றை. வெளியிலிருந்து ஒருவன் பிழையைக் கண்டுபிடித்து, திருத்தத்தையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த நிறுவனம் அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றிய சண்டையாகிவிடும். எனக்கு அந்த முறையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

2023 மே மாதம். போச்சம்பள்ளி சாலையில் உள்ள ஆலையில் வேலையாக இருந்தபோது ஒரு பாட்டி சீட்டை என் முன்னால் நீட்டினார். "தம்பி, என் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறதே, என் எடையில் ஏதாவது சந்தேகமா?" என்று கேட்டார். பார்த்தேன். முனியம்மாள் என்ற பெயரில் கடைசி ளகரத்தின் மேல் புள்ளி இல்லை. அதன் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. எடையில் சந்தேகம் எதுவும் இல்லை என்று அவரை நம்ப வைக்க நிகர எடையை இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை.

முனியம்மாள் என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், எனவே அங்கே பதினொன்று. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், அதாவது மூன்று சேமிப்பு அலகு. ஆக 33 பைட். எடை மேடையில் இருக்கும் 58 மில்லிமீட்டர் வெப்ப அச்சு எந்திரம் ஒரு வரியில் 32 ஆங்கில எழுத்துகளை அடிக்கும். நிரலை எழுதியவர் அந்த 32ஐ எழுத்துக் கணக்காக நினைத்து, பைட் கணக்கில் வெட்டிவிட்டார். முப்பத்து மூன்றாவது பைட் போயிற்று. அதோடு புள்ளியும் போயிற்று. வெங்கடேசனுக்கு 30 பைட் என்பதால் அவர் தப்பித்தார். கோவிந்தம்மாளுக்கு 39 பைட். அவர் பெயர் "கோவிந்தம்ம" என்று பாதியில் நின்றது. எங்கள் ஊர்ப்பக்கம் தெருவுக்கு ஒரு முனியம்மாளும் ஒரு கோவிந்தம்மாளும் இருப்பார்கள். பெண்களின் பெயர்களே அதிகம் வெட்டுப்பட்டன என்பதைப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அது எனக்கு மிகவும் உறுத்தியது.

திருத்தம் பெரிய வேலை இல்லை. எழுத்துத் தொடரை எங்கே வெட்டலாம் என்பதை ஒருங்குறியின் 29ஆம் இணைப்பு சொல்கிறது. ஓர் எழுத்தையும் அதோடு ஒட்டிய குறிகளையும் ஒரே அலகாகக் கொள்ள வேண்டும். பதினொரு வரி நிரல், கூடவே தமிழ், இந்தி, தெலுங்குப் பெயர்கள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பு. ஓர் இரவில் முடிந்தது. மறுநாள் காலையே ஆலை எந்திரத்தில் போட்டுவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூல மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் என் பதினொரு வரி அழிந்துபோகும். மறுபடி போட வேண்டும். தவிர, இதே பிழை தாய்லாந்திலும் நேபாளத்திலும் யாரோ ஒருவர் பெயரை வெட்டிக்கொண்டுதான் இருக்கும். எனவே திட்டத்தின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் என்கிற இணைப்புக் கோரிக்கையாக அனுப்பினேன்.

ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. அனுப்பியது ஒரு பாட், அதாவது தானாகப் பதில் எழுதும் நிரல், மனிதர் அல்ல. பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றது. அந்த ஒப்பந்தத்தின்படி பதிப்புரிமை என்னிடமே இருக்கும். ஆனால் என் வரிகளை நிறுவனம் எந்த உரிமத்தின் கீழும், கட்டணப் பதிப்பிலும் வெளியிடலாம். தனியாளுக்கு ஒரு படிவம், நிறுவனத்துக்கு இன்னொன்று. நாங்கள் கூட்டாண்மை என்பதால் கூட்டாளியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொரு வரியையும் படித்துத்தான் போட்டார். அவர் செய்தது சரி என்று அதே ஆண்டு ஆகஸ்டில் தெரிந்தது. டெராஃபார்ம் என்ற சர்வர் மேலாண்மை மென்பொருளை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் அப்போது திறமூல உரிமத்தைக் கைவிட்டு போட்டி வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸுக்கு மாறியது. வெளியாட்கள் எழுதிய வரிகளையும் சேர்த்து அப்படி மாற்ற முடிந்ததற்கு இத்தகைய ஒப்பந்தங்களே வழி. அதை ஏற்காதவர்கள் டெராஃபார்மின் பழைய நிரலிலிருந்து பிரித்துத் தொடங்கிய ஓப்பன்டோஃபு திட்டம் அடுத்த மாதமே, திறமூலத் திட்டங்களை நடத்தும் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்தது.

ஒப்பந்தமே இல்லாமலும் பெரிய திட்டங்கள் நடக்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டம் 2004 முதல், "இது என் எழுத்து, அல்லது இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் ஒரு வரி உறுதிமொழி மட்டும் கேட்கிறது. லினக்ஸில் தன் நிரல் கலந்திருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது தொடுத்த வழக்கின் சூட்டில் பிறந்த ஏற்பாடு அது. கிட்ஹப் போன்ற தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனமும் 2017 நவம்பரில் ஒப்பந்தத்தை விட்டு இந்த உறுதிமொழிக்கு மாறியது. பதினொரு வரியுடன் வரும் ஒருவனிடம் கேட்க அதுவே போதுமானது என்று நான் நினைக்கிறேன்.

கையெழுத்து முடிந்த பிறகு தானியங்கிச் சோதனைகள் ஓடின. இரண்டு தோற்றன, இரண்டுக்கும் என் மாற்றத்தோடு தொடர்பே இல்லை, திட்டத்தின் முதன்மை நிரலிலேயே அவை தோற்றுக்கொண்டிருந்தன. அதை விளக்கி எழுதினேன். பதில் இல்லை. ஜூன் போயிற்று. ஜூலையில் பணிவாக ஒரு வரி எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. மாங்காய்ப் பருவமே முடிந்துவிட்டது. ஆகஸ்டில் அதே பாட் வந்து "செயல்பாடு இல்லாத கோரிக்கை" என்று முத்திரை குத்தியது. செப்டம்பரில் மூடிவிட்டது. நான்கு மாதத்தில் ஒரு மனிதர்கூட என் கோரிக்கையில் ஒரு சொல் எழுதவில்லை.

அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நிறுவனத் திட்டத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்ப்பது என்பது அதை ஆண்டுக்கணக்கில் சுமக்க ஒப்புக்கொள்வது. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கள் பழைய பதிப்புகளில் இருப்பார்கள். அவற்றுக்கும் திருத்தம் போக வேண்டும். ஓடூ என்ற வணிக மென்பொருள் திட்டம் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. ஆதரவில் உள்ள பதிப்புகளில் பிழை இருக்கும் மிகப் பழைய பதிப்புக்குத் திருத்தத்தை அனுப்பச் சொல்கிறார்கள். அங்கிருந்து புதிய பதிப்புகளுக்கு அதை ஒரு பாட் கொண்டுபோகிறது. பல சர்வர்களில் மென்பொருளை இயக்கும் குபெர்னெட்டிஸ் திட்டத்தில் புதியவர் அனுப்பும் மாற்றத்துக்குச் சோதனைகளே தாமாக ஓடாது. உறுப்பினர் ஒருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். அங்கும் 90 நாள் அசைவில்லாவிட்டால் முத்திரை, பின் 30 நாளில் இன்னொரு முத்திரை, மேலும் 30 நாளில் மூடல் என்ற விதி இருக்கிறது. ஆனால் அந்த விதி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கோப்பை யார் பார்ப்பார் என்ற பட்டியலும் நிரல் களஞ்சியத்திலேயே இருக்கிறது. கதவைத் தட்டுபவனுக்கு எந்தக் கதவு என்றாவது தெரியும்.

வெளியாளைக் கண்டால் எச்சரிக்கையாக இருப்பதையும் நான் குறை சொல்லமாட்டேன். 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் யாருக்கும் மறக்காது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, பராமரிப்பாளர் இடத்துக்கே வந்து, பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையப் பின்வாசல் ஒன்றை நுழைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தம் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலை உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துப் பின்தொடர்ந்ததால்தான் அது பிடிபட்டது. எனவே என் வரிகளைச் சந்தேகத்தோடு படியுங்கள், நான்கு முறை படியுங்கள். ஆனால் படியுங்கள். படிக்காமல் மூடிவைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கூடிவிடாது.

2024 பிப்ரவரியில் புதிய பதிப்பு வந்தது. வழக்கம்போல் என் பதினொரு வரியைப் போடப் போனேன், போட இடமில்லை. பிழை சரிசெய்யப்பட்டிருந்தது. மாற்றத்தை எழுதியவர் நிறுவன ஊழியர் என்றிருந்தது. வரிக்கு வரி ஒப்பிட்டேன். வெட்டும் முறை என்னுடையது. நான் மாறிகளுக்கு வைத்த பெயர்கள்கூட அப்படியே இருந்தன. என் பெயர் எங்கும் இல்லை.

அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் செய்த வேலை என்னுடையதைவிட முழுமையாக இருந்தது. நான் எடைச் சீட்டை மட்டும் பார்த்தேன். அவர்கள் சரக்கு ஒட்டுச்சீட்டு, முகவரி அச்சு என்று மேலும் நான்கு இடங்களில் அதே பிழையைத் தேடிப் பிடித்திருந்தார்கள். "உங்கள் திருத்தம் சரி, இன்னும் நான்கு இடங்கள் இருக்கின்றன, நாங்களே சேர்த்துச் செய்கிறோம்" என்று ஒரே ஒரு வரியை 2023 ஜூனில் எழுதியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு ஒதுங்கியிருப்பேன். இணை ஆசிரியர் என்று ஒரு வரி சேர்க்க கிட்ஹப்பில் வசதி இருக்கிறது. பத்து விநாடி வேலை.

இப்படி நடப்பதற்கு அமைப்பும் ஒரு காரணம். பல நிறுவனங்களில் உண்மையான களஞ்சியம் உள்ளே இருக்கிறது. வெளியே நாம் பார்ப்பது அதன் நகல். கூகுள் இந்த இரண்டுக்கும் இடையே நிரலைக் கொண்டுபோகவே காப்பிபாரா என்ற கருவியை எழுதி, திறமூலமாகவும் வெளியிட்டிருக்கிறது. நகலில் வந்த திருத்தத்தை யாராவது உள்ளே எடுத்துப் போட வேண்டும். அந்த நடையில் எழுதியவரின் பெயர் தொலையாமல் பார்த்துக்கொள்ள முடியும். அக்கறை இருந்தால் போதும்.

இதே காலத்தில் நான் இன்னொரு திருத்தமும் அனுப்பியிருந்தேன், பிடிஎஃப் உருவாக்கும் ஒரு சிறு நூலகத்துக்கு. அதைத் தன்னார்வலர்கள் சிலர் மாலை நேரங்களில் நடத்துகிறார்கள். இரண்டாம் நாளே ஒருவர் கேள்வி கேட்டார், சோதனை ஒன்று சேர்க்கச் சொன்னார், ஐந்தாம் நாள் இணைத்துவிட்டார். சம்பளம் வாங்குபவர்கள் நிறைந்த இடத்தில் நான்கு மாத மௌனம்.

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழை எண், என் கோரிக்கை, அவர்களின் மாற்றம், தேதிகள், அவ்வளவுதான். இரண்டு நாளில் ஒரு பொறியாளர் பதில் எழுதினார். வருத்தம் தெரிவித்தார். வெளியான வரலாற்றை மாற்ற இயலாது என்றும், அடுத்த முறை கோரிக்கையில் தம்மை நேரடியாகக் குறிப்பிடும்படியும் சொன்னார். 2025இல் கழிவு எடையின் தசமப் பிழை ஒன்றுக்கு அப்படியே அனுப்பினேன். ஒன்பதாம் நாளில் இணைந்தது, என் பெயரோடு. திருத்தங்களை வாங்கிக்கொள்ளும் முறைக்கு ஐந்தில் இரண்டு என்று வைத்திருந்த மதிப்பெண்ணை மூன்றாக உயர்த்தியிருக்கிறேன். நான்கு தர மனம் வரவில்லை, ஏனென்றால் அது ஒரு நல்ல மனிதரின் முகவரி எனக்குக் கிடைத்ததால் நடந்தது; ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு இதே மென்பொருளைப் போடும் இன்னொரு பையனுக்கு அந்த முகவரி தெரியாது.

உங்கள் கடைக்கோ ஆலைக்கோ இத்தகைய மென்பொருளைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்களானால் வசதிகளின் பட்டியலைப் படிக்கும் முன் அதன் மூடப்பட்ட கோரிக்கைகளில் அரை மணி நேரம் செலவிடுங்கள். ஊழியர் அல்லாதவர்கள் அனுப்பியவற்றை மட்டும் எடுங்கள். முதல் பதிலை எழுதியது மனிதரா, எத்தனையாம் நாளில், மூடியபோது காரணம் சொன்னார்களா, இணைத்தபோது பெயர் நின்றதா என்று பாருங்கள். இருபது கோரிக்கை பார்த்தாலே போதும். நாளைக்கு உங்கள் சீட்டில் பிழை வந்தால் உங்களுக்கு என்ன நடக்கும் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிப்ரவரியில் கோபத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த அன்று ஒரு கோப்பை நான் திறக்கவே இல்லை. கடிதத்துக்குப் பதில் வந்த பிறகுதான் திறந்தேன். அது நான் எழுதிய சோதனைக் கோப்பு. அதை மட்டும் அவர்கள் தொடாமல் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் எந்த மாற்றம் அனுப்பினாலும் அந்தச் சோதனை இப்போது அவர்களுடைய கணினிகளில் ஓடுகிறது. அதன் முதல் வரியில் முனியம்மாள் இருக்கிறார், ளகரத்தின் மேல் புள்ளியோடு.